சீன மனைவியை அமெரிக்கா அழைத்து வருவது: சிவப்புப் புத்தகத்திலிருந்து கிரீன் கார்டு வரை

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் சீனாவில் இருக்கும் மனைவியை அழைத்துவர நிரப்ப வேண்டிய முக்கியப் படிவங்கள் நான்குதான்: ஐ-130 (உறவினருக்கான மனு), ஐ-130ஏ (மனைவி பற்றிய விவரம்), ஐ-864 (பண ஆதரவு ஒப்பந்தம்), டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்). பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் நிரப்பிவிடலாம். கேஸ் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் சீனக் காகிதங்களால். பிறப்புச் சான்றில் ஒரு தேதி, குடும்பப் பதிவேட்டில் வேறு தேதி. ஐந்து வருடத்துக்கு முன்பு ஏஜென்ட் நிரப்பிய பழைய விசா படிவத்தில் மூன்றாவதாக ஒரு கதை. அதனால் இந்த வழிகாட்டியில் அமெரிக்கப் படிவங்களைச் சுருக்கமாகவும், சீனத் தரப்பை விரிவாகவும் சொல்கிறேன்.

மனைவி என்றே எழுதுகிறேன். சீனக் கணவரை அழைத்து வருபவர்களுக்கும் இதே விதிகள்தான். கட்டணங்கள் மாறும்; விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

முதலில் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

நீங்கள் அமெரிக்கக் குடிமகன் என்றால் உங்கள் மனைவி 'உடனடி உறவினர்' வகையில் வருவார். அந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, வரிசையும் கிடையாது. பரிசீலனைக்கு ஆகும் காலம்தான் காத்திருப்பு. இப்போதைய நிலவரத்தில் ஐ-130 மனு என்ற முதல் கட்டத்துக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கிரீன் கார்டு மட்டும் இருந்தால் எஃப்2ஏ என்ற வகை. இதற்கு வரிசை உண்டு; அது எதுவரை நகர்ந்திருக்கிறது என்று காட்டும், மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நீங்கள் குடியுரிமை பெற்றுவிட்டால் கேஸ் உடனடி உறவினர் வகைக்கு மாறிவிடும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃப்2ஏ வகையில் மனைவியின் முந்தைய திருமணத்துக் குழந்தை அம்மாவின் மனுவிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம். குடிமகனின் மனுவில் அப்படி வர முடியாது. குழந்தைக்குத் தனி ஐ-130 போட வேண்டும். குழந்தைக்கு 18 வயது ஆவதற்கு முன் உங்கள் திருமணம் நடந்திருக்கவும் வேண்டும். இதைக் கவனிக்காமல் அம்மாவுக்கு விசா கிடைத்து, பிள்ளை பின்தங்கிப்போன குடும்பங்கள் உண்டு.

எச்-1பி விசாவில் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பாதையே உங்களுக்கு வேண்டாம். மனைவி, எச்-1பி காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவுக்கு விண்ணப்பிப்பார். அது மிக எளிது. ஆனால் இந்தியாவில் பிறந்து, ஈபி-2 அல்லது ஈபி-3 வரிசையில் காத்துக்கிடக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வேலைவழி கிரீன் கார்டு வரிசை குடியுரிமையை வைத்து அமைவதல்ல, பிறந்த நாட்டை வைத்து அமைவது. மனைவி சீனாவில் பிறந்தவர் என்றால், இருவரும் சேர்ந்து கிரீன் கார்டுக்குப் போகும்போது உங்கள் கேஸையும் சீனக் கணக்கில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சீன வரிசையும் நீளம்தான், ஆனாலும் ஈபி-2 வகையில் அது இந்திய வரிசையைவிடப் பல ஆண்டுகள் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் கம்பெனி வக்கீல் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கே-1 என்ற வருங்கால மனைவி விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் வந்தால் 90 நாளுக்குள் திருமணம் செய்து, பிறகு உள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவம் போட்டு, அதற்கு 1,440 டாலர் கட்டி, வேலை அனுமதி வரும்வரை அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்து வாழ முடிவெடுத்துவிட்ட இருவருக்கு இதில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பதிவுத் திருமணம் செய்துவிட்டு மனைவி விசாவில் வந்தால், இறங்கிய அன்றே அவர் நிரந்தரவாசி. மறுநாளே வேலைக்குப் போகலாம்.

"அவளிடம்தான் பத்து வருட விசிட் விசா இருக்கிறதே, அதில் வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2014 நவம்பரிலிருந்து சீனர்களுக்குப் பத்தாண்டு விசா கொடுக்கப்பட்டு வருவதால் இந்த யோசனை அடிக்கடி கேட்கும். தங்கிவிடும் எண்ணத்தோடு சுற்றுலா விசாவில் நுழைவது பொய்த்தகவல் தந்து நுழைந்ததாகவே பார்க்கப்படும். அதற்கான தடை வாழ்நாள் தடை. விசாரணை விமான நிலையத்திலேயே தொடங்கலாம், போனில் உள்ள செய்திகளையும் பார்ப்பார்கள். மனு நிலுவையில் இருக்கும்போது உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அவர் வருவது வேறு. அதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் எல்லை அதிகாரி நம்ப வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் அங்கே இருக்கும் வேலைக்கான ஆதாரமும் கையில் இருக்கட்டும். பத்தாண்டு விசா உள்ள சீன பாஸ்போர்ட்டுக்கு ஈவஸ் என்ற இணையப் பதிவும் தேவை. அது இல்லாமல் விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

எங்கே பதிவு செய்வது

சீனாவில் திருமணம் என்பது சிவில் விவகார அலுவலகத்தில் பதிவு செய்வதுதான். ஆளுக்கொரு சிவப்பு நிறச் சிறு புத்தகம் தருவார்கள். விருந்து எப்போது வைத்தீர்கள், மணப்பெண் உடையில் ஸ்டூடியோவில் எப்போது படம் எடுத்தீர்கள் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லாதவை. எல்லா அமெரிக்கப் படிவங்களிலும் திருமணத் தேதி என்று கேட்கும் இடத்தில் சிவப்புப் புத்தகத்தில் உள்ள தேதிதான் வர வேண்டும். சிலர் ஒரு படிவத்தில் பதிவுத் தேதியும் இன்னொன்றில் விருந்துத் தேதியும் எழுதிவிடுகிறார்கள். நம் ஊர்க் கோயிலில் தாலி கட்டிய தேதியை எழுதுபவர்களும் உண்டு. பதிவு, விருந்து, கோயில் என மூன்றும் மூன்று நாளில் நடந்திருந்தால் ஒரு தனித் தாளில் வரிசையாக எழுதி மனுவோடு வைத்துவிடுங்கள்.

சீனச் சட்டப்படி ஆணுக்கு 22, பெண்ணுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். மூன்று தலைமுறைக்குள் இரத்த உறவு இருக்கக் கூடாது (மாமன் மகள், அத்தை மகன் கல்யாணமெல்லாம் அங்கே செல்லாது). 2025 மே 10 முதல் புதிய பதிவு விதிகள் வந்ததில் சீனர் தன் ஹூகோ (குடும்பப் பதிவேடு) புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் எல்லா அலுவலகத்திலும் பதிவு செய்ய மாட்டார்கள். மாகாண அரசு குறிப்பிட்டுள்ள அலுவலகங்களில்தான் நடக்கும். முதலில் போன் செய்து, உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு என்ன கேட்பார்கள் என்று மனைவியை விசாரிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் பதில் மாறும்.

வெளிநாட்டவர் கொண்டுபோக வேண்டியது பாஸ்போர்ட்டும், தனக்கு வேறு துணை இல்லை என்ற சான்றும். சீனா அபோஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடு ஏற்க வைக்கும் அரசுச் சான்று) உடன்படிக்கையில் சேர்ந்து அது 2023 நவம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அமெரிக்கர்களுக்கு இது லேசாகிவிட்டது. உறுதிமொழியில் நோட்டரி கையெழுத்து வாங்கி, மாநில அரசின் அபோஸ்டில் ஒட்டினால் போதும், சீனத் தூதரகத்துக்கு ஓட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சீனா சேர்ந்ததற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் அந்த இரு நாடுகளுக்கிடையே மட்டும் உடன்படிக்கை செல்லாது. இந்தியச் சான்றுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு சீனத் தூதரகம் என்ற பழைய படிக்கட்டையே ஏற வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகி, இந்தியாவில் விவாகரத்து வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள். உங்கள் விவாகரத்துத் தீர்ப்பு இந்திய ஆவணம்தான்.

சீனாவில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. அமெரிக்காவிலோ ஹாங்காங்கிலோ செய்தாலும் செல்லும். யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுன்டியில் இணையவழித் திருமணம் செய்த சீன ஜோடிகளும் நிறைய. அப்படிச் செய்திருந்தால் ஒன்று கட்டாயம்: திருமணத்துக்குப் பிறகு இருவரும் நேரில் சேர்ந்து இருந்திருக்க வேண்டும், அதற்குப் பயண ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அதைத் திருமணமாகவே எண்ணாது. என் விருப்பத்தைக் கேட்டால் சிவப்புப் புத்தகமே நல்லது. அங்குள்ள நோட்டரி அலுவலகம் கண்ணை மூடிக்கொண்டு கையாளும் ஆவணம் அது.

சீனக் காகிதங்கள்

இந்தப் பகுதியை மனைவியோடு சேர்ந்து படியுங்கள். மனு போடுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

சீனாவில் மூல ஆவணத்தை நேரடியாக அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நீட்ட முடியாது. பிறப்பு, குற்றப்பதிவின்மை ஆகிய இரண்டுக்கும் அரசு நோட்டரி அலுவலகம் தரும் நோட்டரிப் புத்தகம் வேண்டும். அதிலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். விவாகரத்து இருந்தால் அதற்கும், திருமணத்துக்கும் இதே மாதிரி வாங்கிவிடுவது நல்லது. எத்தனை பிரதி வேண்டும் என்று முதலிலேயே சொல்லி இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பிறகு தனியாகப் போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நோட்டரி அலுவலகம் எதை வைத்துப் பிறப்புப் புத்தகம் எழுதுகிறது? மருத்துவமனைப் பிறப்புச் சான்று சீனாவில் நாடு முழுக்க ஒரே வடிவில் வந்தது 1996 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் பிறந்தவர்களிடம் பெரும்பாலும் அது இருக்காது. ஹூகோ புத்தகம், பெற்றோரின் ஹூகோ, வேலை செய்யும் இடத்தில் உள்ள ஆளணிக் கோப்பு, உள்ளூர்க் காவல் நிலையத்தின் சான்று போன்றவற்றை வைத்து எழுதுவார்கள். சிக்கல் பிறப்பது இங்கேதான்.

1980-லிருந்து 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை இருந்த நாடு அது. இரண்டாவது பிள்ளையைச் சித்தப்பா வீட்டு ஹூகோவில், பாட்டி பெயரில், அல்லது சில வருடம் கழித்துப் பதிந்த குடும்பங்கள் ஏராளம். சிலருடைய பிறந்த தேதி சந்திர நாட்காட்டிப்படி எழுதப்பட்டுவிட்டது. விளைவு, உங்கள் மனைவி அப்பா என்று அழைப்பவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் வேறொருவர். இதை மனைவியே உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அவருக்கு அது ஊரறிந்த சாதாரண விஷயம், சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றியிருக்காது. நேரடியாகக் கேளுங்கள்: ஹூகோவில் உன் பெற்றோர் என்று யார் பெயர் இருக்கிறது? தேதி சரிதானா? உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்களா?

பொருந்தவில்லை என்றால் அதைச் சரிக்கட்ட 'ஆள்' தேடாதீர்கள். உண்மையான பெற்றோர் யார், பதிவில் ஏன் வேறு பெயர் என்று இரண்டு பத்தியில் விளக்கம் எழுதி, கிடைக்கும் பழைய ஆதாரங்களை இணையுங்கள். ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்துப் பதிவுக் குழப்பங்கள், குடியேற்ற விசா தரும் குவாங்சோ அமெரிக்கத் துணைத்தூதரக அதிகாரிகளுக்குப் புதிதல்ல. அழகாகத் திருத்தப்பட்டு, ஆனால் பழைய விசா விண்ணப்பத்தோடு மோதும் காகிதம்தான் அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பழைய விசா விண்ணப்பம் என்றேன். மனைவி முன்பு அமெரிக்காவுக்குச் சுற்றுலா அல்லது மாணவர் விசா கேட்டிருந்தால், கிடைத்திருந்தாலும் மறுக்கப்பட்டிருந்தாலும், அதில் எழுதியது எல்லாம் கணினியில் இருக்கிறது. சீனாவில் பலர் இதை ஏஜென்ட் வழியாகத்தான் செய்வார்கள். ஏஜென்ட் நல்லெண்ணத்தோடு சம்பளத்தைக் கூட்டியிருப்பார், விவாகரத்து ஆனவரைத் திருமணமாகாதவர் என்று எழுதியிருப்பார், இல்லாத வேலையைச் சேர்த்திருப்பார். பழைய படிவத்தின் நகல் ஏஜென்டிடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்து, அதில் முக்கியமான பொய் இருந்தால் அந்த நிலையில் ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள். மற்ற இடங்களில் வக்கீல் இல்லாமல் சமாளிக்கலாம், இதில் வேண்டாம்.

குற்றப்பதிவின்மைக்குக் காவல் நிலையத்தில் சான்று வாங்கி நோட்டரியிடம் கொடுப்பதே வழக்கம். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். சிங்கப்பூரில் படித்தவர், ஜப்பானில் வேலை பார்த்தவர் எல்லாம் இதில் வருவார்கள். சீனச் சான்று இரண்டு வருடம் செல்லும், ஆகவே மனு போட்ட அன்றே இதை வாங்கிவிட வேண்டாம். பிறப்புப் புத்தகத்தை இப்போது வாங்கலாம், போலீஸ் சான்றை முதல் கட்டம் முடிந்ததும் வாங்கலாம்.

விவாகரத்தில் இருவகை. சிவில் அலுவலகத்தில் பிரிந்தவர்களுக்கு விவாகரத்துப் புத்தகம் இருக்கும். நீதிமன்றத்தில் பிரிந்தவர்களுக்குத் தீர்ப்பு அல்லது சமரசப் பத்திரம் இருக்கும். 2021 முதல் சிவில் அலுவலகத்தில் விண்ணப்பித்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. விண்ணப்பித்த நாளை விவாகரத்து நாளாக எழுதிவிடாதீர்கள், புத்தகம் தந்த நாள்தான் கணக்கு.

அப்புறம் பெயர். மனைவியின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். சில குடும்பப் பெயர்கள் பழைய பாஸ்போர்ட்டில் எல்-வி என்றும் புதியதில் எல்-ஒய்-யு என்றும் இருக்கும். அப்படி மாறியிருந்தால் பழையதையும் 'வேறு பெயர்கள்' கட்டத்தில் போடுங்கள். சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. உங்கள் பெயரைச் சேர்க்க ஆசைப்பட்டால் குடியுரிமை வாங்கும்போது செய்துகொள்ளட்டும், இப்போது வேண்டாம்.

உங்கள் பெயருக்கு வருவோம். தமிழ்ப் பெயர்தான் இந்தக் கேஸ்களில் அதிகம் சொதப்பும். அப்பா பெயர் முதலில் வந்ததா பின்னால் வந்ததா, இனிஷியல் விரிந்திருக்கிறதா, பழைய விசாவில் எஃப்.என்.யு (முதற்பெயர் தெரியவில்லை) என்று இருந்ததா? சீனப் பதிவு அலுவலர் சிவப்புப் புத்தகத்தில் அச்சிடும் முன் திரையில் காட்டுவார். உங்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு இடைவெளி உட்பட சரிபாருங்கள். அச்சடித்த பிறகு திருத்துவது எரிச்சலான வேலை.

ஐ-130

இணையத்தில் போட்டால் 625 டாலர், தாளில் போட்டால் 675. இணையமே மேல். உங்கள் குடியுரிமைச் சான்று, சிவப்புப் புத்தகத்தின் நகல், இருவரின் முந்தைய திருமணங்கள் முடிந்ததற்கான ஆதாரம், இருவரின் படம், மனைவியைப் பற்றிய ஐ-130ஏ. மனைவி வெளிநாட்டில் இருந்தால் அந்த 130ஏ-வில் அவர் கையெழுத்து தேவையில்லை, நிரப்ப மட்டும் வேண்டும். அவர் பெயரையும் முகவரியையும் சீன எழுத்திலும் கேட்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். விசா எங்கே வாங்குவார் என்ற கேள்விக்குக் குவாங்சோ.

இந்தக் கட்டத்தில் சீன மொழித் தாள் எதுவாக இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர் "முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தேன்" என்று எழுதிப் பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திட்டால் போதும். மனைவியின் நண்பர் செய்யலாம். நீங்களோ மனைவியோ செய்வதைத் தவிர்ப்பது நல்லது. பின்னால் குவாங்சோ நேர்காணலுக்குச் சீனத் தாள்களை மொழிபெயர்க்காமலே கொண்டுபோகலாம், அந்த நாட்டு மொழி என்பதால்.

திருமணம் உண்மையானது என்பதற்கான ஆதாரத்தில் பலர் கட்டுக்கட்டாக அனுப்பிவிட்டு, முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். சீனாவில் கணவன் மனைவி கூட்டு வங்கிக் கணக்கு வழக்கமில்லை, அது இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பயணங்களுக்கான பாஸ்போர்ட் முத்திரைகள், ஹோட்டல் ரசீது, இரு வீட்டுப் பெரியவர்களும் இருக்கும் விருந்துப் படங்கள், காப்பீட்டில் அல்லது ஓய்வூதியக் கணக்கில் மனைவியை நியமித்த தாள். இவை கனமானவை. வீசாட் (சீன அரட்டைச் செயலி) உரையாடலை மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் என்று தேதி தெரியும்படி எடுங்கள். வீசாட் பழைய செய்திகளைத் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை. போன் மாற்றும்போது முறையாக நகர்த்தாவிட்டால் உங்கள் காதல் வரலாறே போய்விடும். இன்றைக்கே கணினியில் பேக்கப் எடுங்கள்.

என்.வி.சி, பணக் கணக்கு

ஐ-130 அங்கீகரிக்கப்பட்டதும் கேஸ் தேசிய விசா மையத்துக்கு (என்.வி.சி) போகும். இணையத் தளத்தில் விசாக் கட்டணம் 325, ஆதரவுப் பத்திரப் பரிசீலனைக்கு 120 டாலர் கட்ட வேண்டும், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து மட்டும். பிறகு ஆவணங்களை ஏற்ற வேண்டும்.

ஐ-864 என்பது மனைவி அரசு உதவியை நம்பி இருக்கமாட்டார் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025-ல் இருவர் குடும்பத்துக்கு அது 26,437 டாலர். ஆண்டுதோறும் மாறும். குறைந்தால் சொத்தைக் காட்டலாம். குடிமகனின் மனைவி என்றால் குறையும் தொகையின் மூன்று மடங்கு போதும். அதுவும் இல்லாவிட்டால் கூட்டு ஸ்பான்சர். கூட்டு ஸ்பான்சராக நண்பரைக் கேட்பதற்கு முன் அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்: விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு போகாது. மனைவி குடியுரிமை பெறும்வரை அல்லது சுமார் பத்தாண்டு வேலைக்கான 40 காலாண்டு சேரும்வரை அது நிற்கும். விளையாட்டாகப் போடும் கையெழுத்து அல்ல.

சீனாவில் மனைவியோடு வாழ்ந்துகொண்டே மனு போடுபவர்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: அமெரிக்காவில் குடியிருப்பு எங்கே? திரும்பி வரும் எண்ணத்துக்கு வேலை உறுதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என ஏதாவது காட்டுங்கள். அங்கிருந்த வருடங்களிலும் அமெரிக்க வருமான வரிக் கணக்கு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

டிஎஸ்-260: கட்சிக் கேள்வி

இந்த இணையப் படிவத்தை மனைவியே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கடந்த ஐந்தாண்டு சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கும். பட்டியலில் வெய்போ, தோபான், யோகு போன்ற சீனத் தளங்களும் இருக்கும். கட்டாயக் கருக்கலைப்பு, கட்டாய உறுப்பு மாற்று ஆகியவற்றில் பங்கு உண்டா என்றும் கேட்கும். மனைவி இப்போது பார்க்கும் வேலையோ முன்பு பார்த்த வேலையோ மருத்துவமனை, குடும்பக் கட்டுப்பாட்டு அலுவலகம் சார்ந்ததென்றால் என்ன பணி என்று தெளிவாகச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாரையும் தயங்கவைப்பது கம்யூனிஸ்ட் கட்சிக் கேள்வி. நல்ல மதிப்பெண் வாங்கிய கல்லூரி மாணவியை ஆசிரியரே கட்சியில் சேரச் சொல்லும் நாடு அது. அரசு வேலை, வங்கி வேலை, பல்கலைக்கழக வேலை என்று உறுப்பினராக இருப்பவர்கள் சாதாரணக் குடும்பங்களில் நிறைய. குடியேற்ற விசாவுக்கு உறுப்பினர் நிலை ஒரு தடை. ஆனால் விதிவிலக்குகள் விரிவானவை. 16 வயதுக்கு முன் மட்டும் உறுப்பினராக இருந்தது, விருப்பமில்லாமல் சேர்ந்தது, வேலைக்கும் வாழ்வாதாரத்துக்கும் தேவை என்று சேர்ந்தது ஆகியவை தடையில் சேராது. விலகி ஐந்தாண்டு ஆகிவிட்டவருக்கும் வழி உண்டு. எதிலும் அடங்காவிட்டால், குடிமகனின் மனைவி என்ற முறையில் குடும்ப ஒற்றுமைக்காக ஐ-601 படிவத்தில் விலக்கு கேட்கலாம்.

கட்சியின் சொந்த விதியிலேயே ஒரு வசதி இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து கூட்டத்துக்குப் போகாமலோ, சந்தா கட்டாமலோ, கொடுத்த வேலையைச் செய்யாமலோ இருந்தவர் தானாக விலகியவராகக் கருதப்படுவார். வெளிநாடு போனவர், தனியார் வேலைக்கு மாறியவர் பலர் இப்படித்தான் உதிர்ந்துபோயிருப்பார்கள். கடைசியாகச் சந்தா கட்டியது எப்போது, கிளை எது, என்ன பொறுப்பு வகித்தார், ஏன் சேர்ந்தார் என்று மனைவி தன் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மறைப்பது மட்டும் கூடாது. உறுப்பினர் நிலைக்கு இத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன, பொய்க்கு அப்படி இல்லை. பள்ளியில் 14 வயதில் சேர்த்துவிடும் இளைஞர் கழகத்தையும் கேட்டால் உள்ளபடி சொல்லட்டும். கிளைச் செயலாளர் போன்ற பதவி வகித்திருந்தால் நேர்காணலுக்கு முன்பே வக்கீலிடம் பேசுங்கள்.

மருத்துவப் பரிசோதனையும் குவாங்சோவும்

சீன நிலப்பரப்பில் குடியேற்ற விசா தருவது குவாங்சோ துணைத்தூதரகம் மட்டும். ஹார்பினில் இருந்தாலும் உரும்சியில் இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். ஜூஜியாங் புதுநகரில், ஹுவாஜியூ சாலையில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையை அங்கீகரித்த மையங்களில்தான் செய்ய வேண்டும். குவாங்சோ, பெய்ஜிங், ஷாங்காய், ஃபுஜோவில் உண்டு. சிறுவயதுத் தடுப்பூசிப் புத்தகம் இருந்தால் எடுத்துப்போகட்டும், ஊசி மிச்சமாகும். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர இரண்டு மாதம்வரை ஆகும். விசா கையில் வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள், வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

நேர்காணலை மாண்டரின் மொழியிலேயே நடத்தலாம். ஆங்கிலத்தில் பேசினால் மதிப்பு கூடும் என்று மனைவியை வதைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் இருவரும் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள், அது பொருந்த வேண்டும். எப்படிச் சந்தித்தீர்கள், பெற்றோர் சந்தித்தார்களா, கணவர் என்ன வேலை, முதல் திருமணம் ஏன் முறிந்தது என்பவை வழக்கமான கேள்விகள். உங்கள் முழுப்பெயரை அவர் சரியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் 'குமார்' என்று கூப்பிடுபவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள இருபது எழுத்துப் பெயர் சட்டென்று வராது. அதை மட்டும் பயிற்சி எடுக்கட்டும். மனப்பாடம் செய்த பதில்கள் வேண்டாம், அவை கேட்ட உடனே தெரிந்துவிடும்.

முடிவில் 221(ஜி) என்ற தாள் கொடுத்தால் அது நிரந்தர மறுப்பு அல்ல, ஏதோ ஒரு தாள் குறைகிறது அல்லது கூடுதல் சோதனை நடக்கிறது என்று பொருள். கேட்டதை மட்டும் கொடுங்கள். கேட்காத இருபது தாளைச் சேர்த்து அனுப்பினால் வேலை நீளும்.

விசா வந்த பிறகு

விசா பொதுவாக மருத்துவப் பரிசோதனையின் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும், அதற்குள் நுழைய வேண்டும். புறப்படும் முன் கிரீன் கார்டுக்கான 235 டாலரை இணையத்தில் கட்டுங்கள். ஆக, அரசுக் கட்டணம் மட்டும் 1,305 டாலர். மருத்துவம், நோட்டரி, குவாங்சோ பயணம் தனி. பணம் கொண்டுவர நினைத்தால் சீனர் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரைதான் அந்நியச் செலாவணி மாற்ற அனுமதி. வீட்டை விற்ற பணம் இருந்தால் ஆண்டு மாறும் டிசம்பர், ஜனவரியைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு முடிந்திருந்தால் பத்தாண்டு கார்டு கிடைக்கும். முடியாவிட்டால் இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. அதற்கு, காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும், 750 டாலர். இரண்டு ஆண்டு முடிய சில வாரமே இருக்கிறதென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்தக் கட்டணமும் இன்னொரு மூட்டை ஆதாரமும் மிச்சம். தள்ளிப்போட முடியாதவர்கள் முதல் நாளிலிருந்தே இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, வாடகை, காப்பீடு, சேர்ந்த வரிக் கணக்கு என்று சேர்த்து வரட்டும்.

கிரீன் கார்டு வாங்கியதால் சீனக் குடியுரிமை போகாது. மூன்றாண்டு கழித்து அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது கிடைத்த அன்றே சீனக் குடியுரிமை தானாக அற்றுப்போகும்; சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஊரில் வயதான பெற்றோர், வீடு, ஓய்வூதியம் உள்ளவர்கள் பலர் கிரீன் கார்டோடு நின்றுவிடுவது இதனால்தான். நின்றாலும் ஒரு வருடத்துக்கு மேல் சீனாவில் தங்க வேண்டி வந்தால், கிளம்பும் முன் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு ஐ-131 போட்டுவிட்டுப் போகட்டும்.